உங்க நேரத்துக்கு முதல் சொந்தக்காரர் நீங்கதான்

(கல்லூரியில படிக்கிற நம்ம ஐடி விங் தன்னார்வலர்களுக்கான ஆன்லைன் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம். அன்னைக்கு கலந்துக்க முடியாத தம்பி தங்கைகள் பலர் கேட்டதால் முழுசா பதிவிடுகிறோம். கொஞ்சம் நீளமான பதிவு. சேவ் பண்ணி வச்சுட்டு காலேஜ் பஸ்ல போகும்போது படிங்க.)



ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஒரு மணி நேரத்தை ஒதுக்கி வந்திருக்கீங்க. நேரத்தைப் பத்தி பேசக் கூப்பிட்டுட்டு உங்க நேரத்தை வீணடிச்சா நல்லா இருக்காது. அதனால நேரா விஷயத்துக்கு வர்றேன்.

"டைம் மேனேஜ்மென்ட்"னு யூட்யூப்ல தேடினா என்ன வருது? காலையில 4 மணிக்கு எழுந்திரு, குளிர்ந்த தண்ணியில குளி, தியானம் பண்ணு, டைரி எழுது, ஜிம்முக்குப் போ. பேசுறவருக்குத் தனி ரூம் இருக்கு, ஏசி இருக்கு, சமைச்சுக் கொடுக்க ஆள் இருக்கு. நம்ம தம்பிக்கு 6.45க்கு காலேஜ் பஸ். தங்கச்சி 5 மணிக்கே எழுந்து வாசல் தெளிச்சுட்டு, தண்ணி பிடிச்சு வச்சுட்டுத்தான் கிளம்பணும். சனிக்கிழமை ராத்திரி ஆனா பாதிப் பேர் கல்யாண மண்டபத்துல கேட்டரிங் வேலையில நிக்கிறீங்க. அந்த யூட்யூப் வீடியோ உங்களுக்காக எடுத்தது இல்ல. அதைப் பார்த்துட்டு "என்னால முடியல, நான் சோம்பேறி"ன்னு நினைச்சுக்காதீங்க.

நான் சொல்ல வந்தது ஒரே ஒரு விஷயம். உங்க நேரத்தைக் கேட்டு நிறைய பேர் வரிசையில நிக்கிறாங்க. காலேஜ் கேக்குது, வீடு கேக்குது, வேலை கேக்குது, போன் கேக்குது. நம்ம கட்சியும் கேக்குது. இத்தனை பேருக்குப் பிரிச்சுக் கொடுக்கிறதுக்கு முன்னாடி கையில எவ்வளவு இருக்குன்னு எண்ணிப் பார்க்கணும். அதுல முதல் பங்கை உங்க படிப்புக்கு எடுத்து வச்சுட்டு, மிச்சத்தைத்தான் மத்தவங்களுக்குக் கொடுக்கணும்.

*கையில எவ்வளவு இருக்கு?*

ஒரு வாரத்துக்கு 168 மணி நேரம். முதலமைச்சருக்கும் அதேதான், உங்களுக்கும் அதேதான். இதை எல்லா மேடையிலயும் சொல்வாங்க. ஆனா அதுல எவ்வளவு நம்ம கையில இருக்குன்னு யாரும் கழிச்சுக் காட்ட மாட்டாங்க. இப்போ நாம கழிச்சுப் பார்ப்போம். வீட்டுல இருந்து காலேஜ் போய் வர்ற ஒரு மாணவரை எடுத்துக்குவோம்.

ஒரு நாளைக்கு 7 மணி நேரம் தூக்கம். வாரத்துக்கு 49. மிச்சம் 119.

காலையில 6.45க்கு பஸ் ஏறி, சாயங்காலம் 5.45க்கு வீடு. 11 மணி நேரம். 5 நாளைக்கு 55. மிச்சம் 64.

குளிக்க, சாப்பிட, துணி துவைக்க, வீட்டு வேலைன்னு நாளைக்கு 3 மணி நேரம். வாரத்துக்கு 21. மிச்சம் 43.

கோயில், சர்ச், பள்ளிவாசல், சொந்தக்காரங்க விசேஷம், ரேஷன் கடை, கிரிக்கெட் எல்லாம் சேர்த்து வாரத்துக்கு 7. மிச்சம் 36.

ரெக்கார்ட், அசைன்மென்ட் 3 மணி நேரம். மிச்சம் 33.

இப்போ போன். பஸ்லயும் காலேஜ்லயும் பார்க்கிறதை விட்டுடுங்க. வீட்டுக்கு வந்த பிறகு மட்டும் நாளைக்கு 3 மணி நேரம்னு வச்சுக்குவோம். வாரத்துக்கு 21. மிச்சம் வெறும் 12.

பன்னிரண்டு மணி நேரம். ஒரு வாரத்துக்கே அவ்வளவுதான். இதுல கேட்டரிங் வேலைக்கு ஒரு நாள் போனா அதுவும் முக்கால்வாசி காலி.

இது என் கணக்கு. உங்க கணக்கு வேற மாதிரி இருக்கும். ஹாஸ்டல்ல இருந்தா பஸ் நேரம் மிச்சம், ஆனா ராத்திரி அரட்டை சேர்ந்துக்கும். இன்னைக்கே ஒரு பேப்பர் எடுத்து உங்க கணக்கைப் போடுங்க. போன் நேரத்தை மட்டும் உத்தேசமா எழுதாதீங்க. செட்டிங்ஸ்ல டிஜிட்டல் வெல்பீயிங்னு இருக்கும், ஐபோன்னா ஸ்கிரீன் டைம். உள்ளே போய் பாருங்க, எந்த ஆப்ல எத்தனை நிமிஷம்னு அதுவே சொல்லும்.

நம்மகிட்ட நேரமே இல்லைன்னு சொல்றதும் சரியில்ல, நிறைய இருக்குன்னு நினைக்கிறதும் சரியில்ல. 12 மணி நேரம் இருக்கு. 12 மணி நேரத்துக்குத் தக்க திட்டம் போட்டா அது நடக்கும். 40 மணி நேரம் இருக்கிற மாதிரி டைம்டேபிள் போட்டு சுவத்துல ஒட்டினா, புதன்கிழமையே அதைக் கிழிச்சுப் போட்டுடுவீங்க.

*25 யூனிட் கணக்கு*

இங்கே நிறைய பேர் அண்ணா பல்கலைக்கழகத்தோட இணைப்புக் கல்லூரிகள்ல படிக்கிறீங்க. அதனால அந்தக் கணக்கையே எடுத்துக்குறேன். ஆர்ட்ஸ் காலேஜ் தம்பி தங்கைகள் உங்க பாடத்துக்குத் தக்க மாத்திக்கோங்க.

ஒரு பாடத்துக்கு 5 யூனிட். செமஸ்டருக்கு 5 தியரி பேப்பர்னா 25 யூனிட். வகுப்பு நடக்கிறது ஏறக்குறைய 15 வாரம். வாரத்துக்கு 2 யூனிட் முடிச்சா 13 வாரத்துல 25 யூனிட்டும் முடிஞ்சுடும். ரெண்டு வாரம் திருப்பிப் பார்க்க மிச்சம்.

இதையே ஸ்டடி ஹாலிடேஸ்ல பார்த்துக்கலாம்னு விட்டா? 10 நாள் லீவு கிடைச்சாலும் நாளைக்கு ரெண்டரை யூனிட். அதுவும் முதல் தடவையா படிக்கிற யூனிட். முதல் ரெண்டு நாள் ஓடும். மூணாவது நாள் "இந்த யூனிட்டை சாய்ஸ்ல விட்டுடலாம்"னு ஆரம்பிக்கும். ஆனா கேள்வித்தாள் அமைப்பைப் பாருங்க. 2 மார்க் 10 கேள்வி, 13 மார்க் 5 கேள்வி, 15 மார்க் ஒரு கேள்வி. 13 மார்க் கேள்வியில சாய்ஸ்னு சொல்றது அதே யூனிட்டுக்குள்ள அ அல்லது ஆ. ஒரு யூனிட்டை முழுசா விட்டா அந்த 13 மார்க்கும், கூடவே ரெண்டு 2 மார்க்கும் போச்சு. ஒரு யூனிட்டுக்கு 17 மார்க். ரெண்டு யூனிட் விட்டா 34.

ஒரு யூனிட்டுக்கு எவ்வளவு நேரம்? புரிஞ்சு படிக்க 2 மணி, கணக்கு போட அல்லது டயகிராம் வரைய ஒன்றரை மணி, புக்கை மூடி வச்சுட்டு எழுதிப் பார்க்க அரை மணி. மொத்தம் 4 மணி நேரம். வாரத்துக்கு 2 யூனிட்னா 8.

"12 இருக்கு, 8தான் வேணும், ஜாலி"ன்னு நினைக்காதீங்க. 1994ல் வெளியான ஒரு ஆய்வு இருக்கு. கனடாவுல ஆய்வேடு எழுதிட்டிருந்த கல்லூரி மாணவர்கள்கிட்ட "எத்தனை நாள்ல முடிப்பீங்க?"ன்னு கேட்டாங்க. சராசரியா 34 நாள்னு சொன்னாங்க. உண்மையில ஆனது 55 நாளுக்கு மேல. "எல்லாமே தப்பாப் போனா எத்தனை நாள் ஆகும்?"னும் கேட்டிருந்தாங்க. அதுக்கு அவங்க சொன்னது 48 சொச்சம். அதையும் தாண்டிடுச்சு. நம்ம வேலைக்கு எவ்வளவு நேரம் ஆகும்னு நாமே போடுற கணக்கு எப்பவும் குறைச்சலாத்தான் இருக்கும். இது எல்லா மனுஷங்களுக்கும் உள்ள சுபாவம்.

அதனால என்ன செய்யணும்? நீங்க நினைக்கிற நேரத்தை ஒன்றரையால பெருக்குங்க. 8 மணி நேரம்னு நினைச்சது 12 ஆகும். நம்ம கையில இருக்கிறதும் 12. சரியா பொருந்துது, ஆனா ஒரு துளி மிச்சம் இல்ல. போன்ல நாளைக்கு ஒரு மணி நேரம் குறைச்சா வாரத்துக்கு 7 மணி நேரம் கூடுது. இப்போதான் மூச்சு விட இடம் கிடைக்குது. காய்ச்சல் வந்தா, தாத்தாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போக வேண்டி வந்தா, அந்த 7 மணி நேரம்தான் உங்களைக் காப்பாத்தும்.

*பஸ்ல போற நேரம்*

பஸ்ல படிங்கன்னு சொல்ல மாட்டேன். நானும் மூணு பேர் சீட்டுல நாலு பேரா உட்கார்ந்து காலேஜ் போய் இன்ஜினியரிங் முடிச்சவன்தான். ஆடுற பஸ்ல புக்கை விரிச்சா தலை சுத்தும். காலையில தூக்கம் வந்தா தூங்குங்க, அது தப்பே இல்ல.

சாயங்காலம் திரும்பி வரும்போது 15 நிமிஷம் மட்டும் இதைச் செய்யுங்க. போனை பைக்குள்ள போட்டுட்டு கண்ணை மூடி, முதல் ஹவர்ல என்ன நடத்தினாங்க, ரெண்டாவது ஹவர்ல என்ன நடத்தினாங்கன்னு ஞாபகப்படுத்திப் பாருங்க. ஒவ்வொண்ணுக்கும் மூணு வரி. வராத இடத்தை மட்டும் குறிச்சுக்கோங்க. வீட்டுக்குப் போனதும் அதை மட்டும் பாருங்க.

இது வேலை செய்யுதான்னு கேட்பீங்க. அமெரிக்காவுல ரோடிகர், கார்பிக்கேன்னு ரெண்டு உளவியலாளர்கள் 2006ல் ஒரு சோதனை பண்ணாங்க. ஒரு குழு ஒரு பகுதியை ரெண்டு தடவை படிச்சுது. இன்னொரு குழு ஒரு தடவை படிச்சுட்டு, பார்க்காம எழுதிப் பார்த்துச்சு. அஞ்சு நிமிஷம் கழிச்சுக் கேட்டப்போ ரெண்டு தடவை படிச்சவங்கதான் முன்னாடி. ஆனா ஒரு வாரம் கழிச்சுக் கேட்டப்போ அவங்களுக்கு ஞாபகம் இருந்தது 42 சதவீதம், எழுதிப் பார்த்தவங்களுக்கு 56 சதவீதம். நமக்குப் பரீட்சை அஞ்சு நிமிஷத்துல வர்றது இல்ல. அதனால திரும்பத் திரும்பப் படிக்கிறதை விட, மூடி வச்சுட்டு யோசிச்சுப் பாருங்க. நேரம் குறைவா இருக்கிறவங்களுக்கு இதுதான் பெரிய லாபம்.

*தூக்கத்துல கை வைக்காதீங்க*

18ல இருந்து 25 வயசு வரைக்கும் உள்ளவங்களுக்கு 7ல இருந்து 9 மணி நேரம் தூக்கம் வேணும்கிறது தூக்கத்தைப் பத்தி ஆராயிறவங்க பரிந்துரை. நம்ம கணக்குல நான் குறைஞ்சபட்சம் 7 வச்சிருக்கேன். நேரம் பத்தலைன்னா நாம முதல்ல வெட்டுறது தூக்கத்தைத்தான். ராத்திரி 2 மணி வரைக்கும் படிச்சேன்னு பெருமையா ஸ்டேட்டஸ் வைப்போம். அடுத்த நாள் ரெண்டாவது ஹவர்ல தூங்கி வழிவோம். வகுப்புல கேட்டிருந்தா அரை மணியில முடிஞ்சிருக்க வேண்டியதை வீட்டுல ரெண்டு மணி நேரம் உட்கார்ந்து படிப்போம். இது வட்டிக்கு வாங்கி வட்டி கட்டுற கதை.

5.45க்கு எழுந்திரிக்கணும்னா 10.45க்கு படுங்க. போன் சார்ஜரை படுக்கிற இடத்துல இருந்து எட்டாத தூரத்துல வைங்க. அது ஒண்ணு போதும்.

*வேலைக்குப் போற தம்பிகளுக்கு*

கேட்டரிங், துணிக்கடை, டெலிவரின்னு வேலை பார்த்துட்டே படிக்கிறவங்க இந்தக் கூட்டத்துல நிறைய பேர். "வேலையை விட்டுட்டுப் படி"ன்னு சொல்ற உரிமை எனக்கு இல்ல. அந்தக் காசு பரீட்சை ஃபீஸ், பஸ் ஃபீஸ், சில வீட்டுல அரிசி பருப்பு.

ஒரே ஒரு யோசனை. உங்க வீட்டுல தொங்குற தினசரி காலண்டரை எடுங்க. பின்பக்க அட்டையில அந்த வருஷத்து முகூர்த்த நாள் எல்லாம் இருக்கும். கேட்டரிங் காண்ட்ராக்டர் எந்த நாள் கூப்பிடுவார்னு இப்பவே தெரியும். மார்கழியில கல்யாணம் இல்ல, ஆடியில இல்ல. ஆனா ஐப்பசி, கார்த்திகை முகூர்த்தம் நம்ம நவம்பர் - டிசம்பர் பரீட்சையோட மோதும். சித்திரை, வைகாசி முகூர்த்தம் ஏப்ரல் - மே பரீட்சையோட மோதும். செமஸ்டர் ஆரம்பத்துலயே காலண்டர்ல முகூர்த்தத்தையும் இன்டர்னல் தேதியையும் பக்கத்துல பக்கத்துல குறிங்க. ஆவணியில ரெண்டு நாள் கூடுதலா போயிட்டு, கார்த்திகையில ரெண்டு நாள் வேண்டாம்னு சொல்லுங்க. ரெண்டு மாசம் முன்னாடியே சொன்னா காண்ட்ராக்டர் அண்ணனும் வேற ஆள் பார்த்துக்குவார். கடைசி நாள் சொன்னாத்தான் அடுத்த தடவை கூப்பிட மாட்டார்.

அப்புறம் அட்டெண்டன்ஸ். 75 சதவீதம் இல்லைன்னா பரீட்சை எழுதுறதே சிக்கல். மாசத்துக்கு ஒரு தடவை எத்தனை நாள் போயிருக்குன்னு நீங்களே எண்ணுங்க. கடைசியில லிஸ்ட் ஒட்டும்போது பார்த்து அதிர்ச்சி அடையாதீங்க.

*ஏன் இவ்வளவு கண்டிப்பா சொல்றேன்?*

அண்ணல் அம்பேத்கர் 1913ல் பரோடா சமஸ்தானத்தோட உதவித்தொகையில நியூயார்க்குல இருக்கிற கொலம்பியா பல்கலைக்கழகம் போனார். அங்கிருந்து லண்டன். லண்டன்ல படிச்சிட்டிருக்கும்போதே உதவித்தொகை காலம் முடிஞ்சுடுச்சு. 1917ல் படிப்பைப் பாதியில நிறுத்திட்டுத் திரும்ப வேண்டி வந்துச்சு. மறுபடி காசு சேர்த்து, உதவியும் கடனும் வாங்கி, 1920ல்தான் திரும்பப் போக முடிஞ்சுது. 1923ல் டி.எஸ்சி. பட்டம். அவ்வளவு பெரிய அறிவாளிக்கே, அடுத்தவங்க கொடுத்த நேரம் தேதி போட்டுத்தான் கிடைச்சுது.

நமக்கும் அப்படித்தான். வசதியான வீட்டுப் பையனுக்கு ஒரு வருஷம் வீணானா அவங்க அப்பா வேற வழி பார்ப்பார். நம்ம வீட்டுல கல்விக் கடன் வாங்கியிருக்கோம். பொதுவா படிப்பு முடிஞ்சு ஒரு வருஷத்துல தவணை ஆரம்பிச்சுடும். தம்பிக்கு இன்னும் ரெண்டு அரியர் இருக்கேன்னு பேங்க் காத்திருக்காது. கேம்பஸுக்கு வர்ற பல கம்பெனி "ஸ்டாண்டிங் அரியர் இருக்கக் கூடாது"ன்னு முதல் வரியிலயே போடுது. ஒரே ஒரு பேப்பர்ல 4 மார்க் குறைஞ்சதால, இன்டர்வியூ நடக்கிற ஹாலுக்குள்ளயே போக முடியாம வெளியே நிக்கிற பசங்க எல்லாக் காலேஜ்லயும் இருக்காங்க. வீட்டுல முதல் பட்டதாரி ஆகப் போறவனுக்கு ரெண்டாவது வாய்ப்பு ரொம்ப விலை கூடுதல்.

*இப்போ நம்ம கட்சி வேலைக்கு வர்றேன்*

இதைச் சொல்லாம மத்ததை மட்டும் சொல்லிட்டுப் போனா நேர்மையா இருக்காது.

உங்க நேரத்தைக் கேக்குறவங்க வரிசையில நாங்களும் நிக்கிறோம். ராத்திரி 9 மணிக்கு ட்ரெண்டிங். தலைவர் பேசி முடிச்ச அஞ்சு நிமிஷத்துல கார்டு டிசைன். "தம்பி, இன்னைக்கு நைட்டுக்குள்ள வீடியோ எடிட் வேணும்." வாட்ஸ்அப் குரூப்ல 300 மெசேஜ். தேர்தல் நேரம்னா கேக்கவே வேண்டாம். நீங்க யாரும் சம்பளத்துக்கு வரல, ஆசைப்பட்டு வந்தீங்க. அந்த ஆசையை நாங்க மதிக்கணும்னா, உங்க பரீட்சையையும் மதிக்கணும்.

அதனால மாணவத் தன்னார்வலர்களுக்கு மூணு விஷயம்.

ஒண்ணு. இன்டர்னல் நடக்கிற வாரமும் செமஸ்டர் மாசமும் உங்களுக்குக் கட்சி வேலை கிடையாது. குரூப்ல "பரீட்சை"ன்னு ஒரு வார்த்தை போட்டுட்டு மியூட் பண்ணிடுங்க. ஏன் எதுக்குன்னு யாரும் கேக்கக் கூடாது. இங்கே இருக்கிற ஒன்றிய, நகரப் பொறுப்பாளர் அண்ணன்களுக்கும் சேர்த்துத்தான் சொல்றேன். ஒரு தம்பி ட்ரெண்டிங்ல இல்லைன்னா ஒரு ஹேஷ்டேக் ஒரு இடம் கீழே போகும், நாளைக்கு மறந்துடுவோம். அவன் அரியர் வச்சா அவங்க வீடு ரெண்டு வருஷம் மறக்காது.

ரெண்டு. மத்த நாள்ல வாரத்துக்கு 3 மணி நேரம். அதுக்கு மேல வேண்டாம். எந்த நாள், எந்த நேரம்னு நீங்க சொல்லுங்க. சனிக்கிழமை காலை 10ல இருந்து 1 வரைக்கும்னா அது மட்டும்தான். வேலை கொடுக்கிறவங்க அந்த நேரத்துக்குத் தக்க கொடுக்கட்டும். இந்த 3 மணி நேரம் படிப்புக்கு வச்ச 12ல இருந்து வரக் கூடாது. போன்ல இருந்து குறைச்ச 7ல இருந்து வரணும்.

மூணு. கமெண்ட் சண்டை. இதுக்குத்தான் அதிக நேரம் போகுது. எதிர்க்கட்சிக்காரன் ஒருத்தன் கீழே வந்து எழுதுவான். நாம பதில் போடுவோம். அவன் திருப்பிப் போடுவான். ஸ்க்ரீன்ஷாட் தேடுவோம், பழைய வீடியோ தேடுவோம். மணி பார்த்தா 12. யாரும் யாரையும் மாத்தல. அந்தப் பக்கம் இருக்கிறவனும் யாருன்னு நினைக்கிறீங்க? இன்னொரு காலேஜ்ல மூணாவது வருஷம் படிக்கிற பையனா இருப்பான், அவனுக்கும் நாளைக்கு மாடல் எக்ஸாம். ரெண்டு பேரும் சேர்ந்து ஃபெயில் ஆகிறதுல எந்தக் கொள்கைக்கு வெற்றி? தகவல் தப்பா இருந்தா ஒரு தடவை ஆதாரத்தோட பதில் போடுங்க. அதோட வெளியே வாங்க.

நல்லா படிச்சு, நல்ல வேலையில, சொந்தக் கால்ல நிக்கிற ஒரு ஆள் கட்சிக்குப் பத்து வருஷம் பலம். படிப்பைக் கோட்டை விட்டவனை நம்ம ஊர்ல என்ன சொல்லுவாங்கன்னு உங்களுக்கே தெரியும். "கட்சி கட்சின்னு போயி உருப்படாம போயிட்டான்." அந்த ஒரு பேச்சு அந்தத் தெருவுல நூறு கார்டு டிசைனை அழிச்சுடும்.

*கேள்வி நேரத்துல வந்தது*

ஒரு தங்கை கேட்டாங்க: "அண்ணா, நீங்க வீட்டு வேலைக்கு நாளைக்கு 3 மணி நேரம்னு கணக்கு போட்டீங்க. எனக்கு அது 5 மணி நேரம். தம்பிக்கு அரை மணி. நான் எங்கே குறைக்கிறது?"

சரியான கேள்வி. இதுல தங்கை குறைக்க வேண்டியது எதுவும் இல்ல. வீடுதான் பிரிச்சுக்கணும். ஒரு வழி சொன்னேன், இங்கேயும் எழுதுறேன். பொதுவா "படிக்க நேரம் இல்ல"ன்னு சொன்னா வீட்டுல காதுல ஏறாது. பேப்பர்ல எழுதிக் காட்டுங்க. "அம்மா, ராத்திரி 8ல இருந்து 9.30 வரைக்கும் என்னைக் கூப்பிடாதீங்க, மத்த நேரம் செய்றேன்"னு ஒரு நேரத்தைக் குறிச்சுக் கேளுங்க. குறிச்சுக் கேட்டா கிடைக்க வாய்ப்பு அதிகம். இதைக் கேட்டுட்டிருந்த தம்பிகளுக்கு: இன்னைக்கு ராத்திரி சாப்பிட்ட தட்டை நீங்களே கழுவுங்க, உங்க துணியை நீங்களே துவைங்க. மேடையில பெண்ணுரிமை பேசுற கட்சிக்காரன் வீட்டுல அக்காவோட நேரத்தைத் திங்கக் கூடாது.

இன்னொரு தம்பி: "அண்ணே, எனக்கு ஏற்கனவே 4 அரியர். இந்த செமஸ்டர் பாடம் வேற. எதை முதல்ல பார்க்கிறது?"

முதல்ல இந்த செமஸ்டர் பாடத்துக்கு வாரத்துக்கு 2 யூனிட்ங்கிறதை விடாதீங்க. விட்டா 4 அரியர் 6 ஆகும். அரியரை ரெண்டா பிரிங்க. கொஞ்ச மார்க்ல போனது, ரொம்ப மார்க்ல போனது. கொஞ்ச மார்க்ல போன ரெண்டு பேப்பரை இந்தத் தடவை கண்டிப்பா முடிக்கணும்னு எடுங்க. அதுக்குப் பழைய கேள்வித்தாள்களை எடுத்து 3 மணி நேரம் உட்கார்ந்து எழுதிப் பாருங்க. எழுதும்போது நேரத்தையும் பழகுங்க: 2 மார்க் ஒவ்வொண்ணும் 3 நிமிஷம், மொத்தம் 30. 13 மார்க் ஒவ்வொண்ணும் 23 நிமிஷம், மொத்தம் 115. 15 மார்க் 25 நிமிஷம். ஆகக் கூடி 170. கடைசி 10 நிமிஷம் ரிஜிஸ்டர் நம்பர், கேள்வி நம்பர் சரிபார்க்க. தெரிஞ்சும் நேரம் பத்தாம ஒரு 13 மார்க்கை விட்டுட்டு வர்றவங்க நிறைய. மத்த ரெண்டு அரியரை அடுத்த தடவைக்கு வைங்க. நாலையும் ஒரே நேரத்துல தூக்கப் போனா நாலும் கீழே விழும்.

மூணாவது கேள்வி: "ரெக்கார்ட் எழுதவே ஞாயித்துக்கிழமை முழுக்கப் போகுது."

1955ல் பார்கின்சன்னு ஒரு ஆங்கிலேயர் ஒரு பத்திரிகையில வேடிக்கையா ஒரு விதி எழுதினார். ஒரு வேலைக்கு எவ்வளவு நேரம் ஒதுக்குறோமோ, அந்த வேலை அவ்வளவு நேரத்தையும் தின்னுடுமாம். அரசு அலுவலகங்களைக் கிண்டல் பண்ணி எழுதினது, ஆனா நம்ம ரெக்கார்டுக்கும் பொருந்தும். ஞாயிறு முழுக்கக் கொடுத்தா முழுக்க எடுத்துக்கும். லேப் முடிஞ்ச அன்னைக்கே ஒரு மணி நேரம் அலாரம் வச்சு, போனை அடுத்த ரூம்ல போட்டுட்டு எழுதுங்க. முடிஞ்சுடும்.

*முடிக்கிறேன்*

இன்னைக்கு ராத்திரி செய்ய வேண்டியது மூணே மூணு. 168ல இருந்து கழிச்சு உங்க சொந்த மணி நேரம் எவ்வளவுன்னு எழுதுங்க. தினசரி காலண்டர்ல இன்டர்னல் தேதி, செமஸ்டர் தேதி, வேலைக்குப் போற நாள் குறிங்க. இந்த வாரத்துக்கான 2 யூனிட் எதுன்னு முடிவு பண்ணுங்க. இதுக்கு அரை மணி நேரம் போதும்.

கட்சிக்கு உங்களால கொடுக்க முடிஞ்ச 3 மணி நேரம் எதுன்னு உங்க ஒருங்கிணைப்பாளருக்குத் தனி மெசேஜ்ல அனுப்புங்க. இப்போ பரீட்சை நேரம்னா "பரீட்சை முடிஞ்சு வர்றேன்"னு மட்டும் அனுப்புங்க. "சரி தம்பி, நல்லா எழுது"ங்கிற பதில்தான் வரணும். வேற மாதிரி பதில் வந்தா எனக்கு அனுப்புங்க, நான் பேசிக்கிறேன்.



(வீட்டுல, தெருவுல கல்லூரி படிக்கிற பிள்ளைகள் இருந்தா அவங்களுக்கு இதைப் பகிருங்க. பொறுப்பாளர்கள் தங்கள் குழுக்களில் பதிவிடவும்.)

#மாணவர்_சந்திப்பு #படிப்பு_முதலில்